பட்டியலின் கடைசி வரி

ஆகஸ்டில் வைரஸ் வந்தது. வட சுவீடனில் தால்மூரா நகராட்சியின் நாற்பத்து மூன்று கணினிகளும் மூன்று நாள் முடங்கிக் கிடந்தன. யார் திறந்த கடிதத்தோடு அது உள்ளே நுழைந்தது என்பது முதல் நாள் மதியத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. முதியோருக்கான வீட்டு உதவிப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் குனெல்தான் அது. உங்கள் பார்சல் காத்திருக்கிறது என்று வந்த மின்னஞ்சலின் இணைப்பைத் திறந்திருந்தாள். அந்த வாரம் அவள் உண்மையிலேயே ஒரு பார்சலுக்குக் காத்திருந்தாள். பேத்திக்கு வாங்கிய கம்பளிக் கையுறை. அதை அவள் விளக்க விளக்கச் சிரிப்பு அதிகமானது. காபி அறையில் யாராவது ரொட்டித் தட்டை நீட்டும்போதெல்லாம், "குனெல், உனக்கொரு பார்சல்" என்றார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள். கழுத்து மட்டும் சிவந்துவிடும்.

உல்ரிகாவுக்குச் சிரிக்க நேரமில்லை. கணினிகளைப் பார்த்துக்கொள்ள நகராட்சியில் இருந்த ஒரே ஆள் அவள். முன்பு வரிப் பிரிவில் தட்டச்சு செய்துகொண்டிருந்தவள். புது இயந்திரங்கள் வந்தபோது மற்றவர்களுக்குப் பிடிபடாதது அவளுக்குப் பிடிபட்டது, அவ்வளவுதான். ஐம்பதை நெருங்கும் வயதில், படிக்காமலே ஒரு விஷயத்தில் நிபுணர் ஆகிவிட்டதில் அவளுக்கு யாரிடமும் சொல்லாத ஒரு பெருமை இருந்தது. அந்தப் பெருமையைப் பற்றிப் பிற்பாடு அவள் நிறைய யோசிக்க வேண்டியிருந்தது.

செப்டம்பர் கடைசியில் மேசை மேசையாகப் போனாள். கடிதத்தைத் திறக்காமலே உள்ளே காட்டும் முன்னோட்டத்தை மூடினாள். வெளியிலிருந்து வரும் படங்கள் தானாக விரியாதபடி செய்தாள். இணைப்புகளில் எதைத் திறக்கலாம், எதைத் திறக்க விடக்கூடாது என்று குறித்தாள். ஒரு மேசைக்கு இருபது நிமிடம். எழுந்து இடம் கொடுத்தவர்கள் பின்னால் வந்து, திரையில் இருக்கும் தங்கள் பெயரையும் பூனைப் படத்தையும் அவள் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

புதிதாக வாங்கிய வடிகட்டியோடு ஒரு தடைச்சொல் பட்டியலும் வந்திருந்தது. ஆங்கிலப் பட்டியல். அதிலுள்ள ஒரு சொல் கடிதத்தில் எங்காவது இருந்தால் போதும், கடிதம் வரவுப் பெட்டியைத் தொடாமல் நேரே குப்பைப் பெட்டிக்குப் போய்விடும். பதினாலு நாளில் அங்கிருந்து தானாக அழிந்துவிடும். உல்ரிகா அதை அச்செடுத்துக்கொண்டு பேனாவோடு உட்கார்ந்தாள். உட்கார்ந்தது நல்லதாகப் போயிற்று என்று அப்போது நினைத்தாள். ஆங்கிலக்காரர்கள் வெட்கப்படும் சொற்களில் சில சுவீடன்காரர்களுக்குப் பரம சாது. 'செக்ஸ்' என்றால் ஆறு. 'ஃபார்ட்' என்றால் வேகம். 'ப்ரா' என்றால் நல்லது. அதை ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்லாமல் அங்கே யாராலும் பேச முடியாது. மூன்றையும் அடித்தாள். காபி அறையில் படித்துக் காட்டியபோது, நகராட்சிச் செயலர் பொர்யெ மேலுதட்டின் கீழ் புகையிலைப் பொடியை ஒதுக்கிக்கொண்டு, "அப்ப ஆறு மணிக்குக் கூட்டம்னு நான் எழுதியிருந்தா ஒருத்தரும் வந்திருக்க மாட்டீங்க. வராட்டியும் நல்லதுதான்" என்றார். உல்ரிகா சொல்லி எல்லோரும் சிரித்தது வெகு நாளைக்குப் பிறகு அன்றுதான்.

மாலையில் பட்டியலின் அடிப்பகுதிக்கு வந்தாள். பக்கத்தின் கடைசி வரியில் 'ஸ்லூட்' என்றிருந்தது. சுவீடன் மொழியில் அதற்கு அர்த்தம், முடிந்தது. பழைய படங்களில் கடைசியாகத் திரையில் வருமே, அந்தச் சொல். உல்ரிகா பேனாவை மூடி, காகிதத்தை இழுப்பறையில் போட்டாள்.

குனெலின் மேசைக்குப் போனபோது அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டுச் சுவரோரமாக நின்றாள்.

"நல்லா பூட்டிடு. முடிஞ்சா என் கையையும் சேர்த்துப் பூட்டிடு" என்றாள்.

உல்ரிகா அவளுக்கு மற்றவர்களைவிடக் கூடுதலாக நேரம் எடுத்து விளக்கினாள். குப்பைப் பெட்டி என்று ஒன்று இருக்கும், அதற்குள் போகவே போகாதே, பார்க்கலாம் என்றுகூடத் தோன்றக்கூடாது, உள்ளே இருப்பதெல்லாம் ஆகஸ்டில் வந்தது போன்றவைதான், தானாகவே அழிந்துவிடும் என்றாள். புரிந்ததா என்று கேட்டாள். குனெல் உதட்டைக் குவித்து மூச்சைச் சட்டென்று உள்ளே இழுத்தாள். அந்தப் பக்கத்து ஆமாம் அதுதான். தெற்கிலிருந்து வருகிறவர்கள் யாரோ திடுக்கிட்டதாக நினைத்துத் திரும்பிப் பார்ப்பார்கள். பிறகு குனெல் ஒரு மஞ்சள் ஒட்டுத்தாளை எடுத்து எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டினாள். *குப்பைப் பெட்டி – திறக்காதே. உல்ரிகா சொன்னது.*

"இப்ப சரியா?"

"ரொம்பச் சரி" என்றாள் உல்ரிகா.

*

டெக்லாவை உல்ரிகாவுக்குத் தெரிந்தது நூலகத்தில்தான். அந்த வருஷம் மார்ச்சில், ஐந்து புதன்கிழமைகள், வயதானவர்களுக்குக் கணினி சொல்லிக்கொடுத்தாள் உல்ரிகா. டெக்லாவுக்கு எழுபத்து நாலு. நாற்பது கிலோமீட்டர் தள்ளி ஏரிக்கரையில் வீடு. மகள் டீசா தன் பழைய கணினியை அவளுக்குக் கொடுத்திருந்தாள். மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் தொங்கவிட்டுக்கொண்டு, இரண்டு விரலால், அடுப்பில் சூடு இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பது போலத் தட்டச்சு செய்வாள். வகுப்பு முழுவதிலும் அவள் வாய் திறந்து கேட்டது ஒரே ஒரு கேள்வி. நகராட்சிக்கு ஃபோன் பண்ணுவதைவிட இது எந்த வகையில் மேல்?

உல்ரிகா அதற்குச் சொன்ன பதில் அவளுக்கு வரி வரியாக நினைவிருந்தது. ஃபோன் பண்ணினால் காத்திருக்க வேண்டும், எடுத்தவர் மறந்துபோகலாம். எழுதினால் எழுதினது அங்கேயே இருக்கும், தொலையாது. விஷயத்தைத் தலைப்பு வரியிலேயே சுருக்கமாக எழுதிவிட்டால் இன்னும் நல்லது, பார்த்தவுடன் புரியும்.

டெக்லா மூச்சை உள்ளே இழுத்தாள். கையேட்டின் ஓரத்தில் எதையோ குறித்துக்கொண்டாள்.

நவம்பர் பதினாலு, திங்கட்கிழமை, வாரத்துக்கு ஒரு முறை போகும் உதவியாள் டெக்லாவைக் கண்டுபிடித்தாள். விறகுக் கொட்டகைக்கும் வாசலுக்கும் நடுவே, சறுக்குவண்டியில் அடுக்கிய கட்டைகளுக்குப் பக்கத்தில் முகம் குப்புறக் கிடந்தாள். மேலே ஒரு சாண் பனி. மருத்துவர் மாரடைப்பு என்றார், வெள்ளிக்கிழமையாக இருக்கும் என்றார். உள்ளே அடுப்பு அணைந்து கிடந்தது. டெக்லாவின் கணவர் ஹில்டிங் கோட்டு போட்டுக்கொண்டு சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்தார். நினைவு தவறிப்போகும் நோய் அவருக்கு ஐந்து வருஷமாக. சர்க்கரைக் கட்டிகளும் வறட்டு ரொட்டியும் தின்று மூன்று நாள் இருந்திருக்கிறார். உதவியாளைக் கண்டதும், கதவைச் சாத்து, டெக்லா விறகு எடுக்கப் போயிருக்கிறாள், இப்போது வந்துவிடுவாள் என்றார்.

அடக்கம் முடிந்த மறு திங்கட்கிழமை டீசா நகராட்சி அலுவலகத்துக்கு வந்தாள். அழவில்லை, சத்தம் போடவில்லை. அம்மாவின் கணினியிலிருந்து அச்செடுத்த மூன்று காகிதங்களைப் பொர்யெயின் மேசைமேல் வரிசையாக வைத்தாள். டெக்லா செப்டம்பரின் தொடக்கத்தில் எழுதி, ஹில்டிங்கை இரண்டு வாரம் முதியோர் இல்லத்தில் வைத்துக்கொள்ள முடியுமா, தனக்கு ஓய்வு வேண்டும் என்று கேட்டிருந்தாள். வரிசையில் இன்னும் ஆறு பேர் இருக்கிறார்கள், நிலைமை மோசமானால் எழுதினால் போதும், முன்னால் தள்ளிப் பார்க்கிறேன் என்று குனெல் பதில் போட்டிருந்தாள். டெக்லா எழுதியிருக்கிறாள். மூன்று முறை.

அக்டோபர் பதினொன்று. தலைப்பு: *தெம்பு தீர்ந்தது.* ஹில்டிங் இரவில் தூங்குவதில்லை. நானும் தூங்குவதில்லை. என் தெம்பு தீர்ந்துவிட்டது. இடம் கிடைத்தால் தெரிவி. வணக்கத்துடன், டெக்லா.

அக்டோபர் இருபத்து நாலு. இரண்டு வாரம் வேண்டாம், ஒரு வாரம் போதும். நான் தீர்ந்துபோனேன்.

நவம்பர் நாலு. தலைப்பில் மட்டும் ஒரே சொல். *முடிந்தது.* கீழே ஒன்றுமில்லை, பெயர்கூட இல்லை.

"எங்க அம்மா யார்கிட்டயும் எதையும் ரெண்டாவது தடவை கேக்கிறவ இல்ல. உங்ககிட்ட மூணு தடவை கேட்டிருக்கா" என்றாள் டீசா.

குனெல் தனக்கு ஒன்றும் வரவில்லை என்றாள். தன் அம்மாமேல் ஆணையாகச் சொன்னாள். பொர்யெ உல்ரிகாவைக் கூப்பிட்டு வந்ததா வரவில்லையா என்று பார்க்கச் சொன்னார்.

அது பத்து நிமிட வேலை. சர்வர் பதிவில் மூன்றும் இருந்தன. தேதி, நேரம், அனுப்பியவர், பெற்றவர். சேர்ந்தது, சேர்ந்தது, சேர்ந்தது. ஆனால் குனெலின் வரவுப் பெட்டியில் ஒன்றும் இல்லை. வந்து சேர்ந்த ஒன்று பெட்டியில் இல்லையென்றால் அதை ஒருவர் அழித்திருக்க வேண்டும். உல்ரிகா அதைச் சொல்லவில்லை. பதிவை அச்செடுத்துப் பொர்யெயிடம் கொடுத்தாள். மற்றதை அவரே சொன்னார்.

அதன் பிறகு குனெல் காபிக்கு வந்தால் அறையில் பேச்சு நின்றது. இப்போது பார்சல் என்று ஒருவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று உல்ரிகாவுக்குத் தோன்றியது. மாகாண மேற்பார்வை அலுவலகம் விசாரணை வைத்தது. வருகிற செவ்வாய், ஃபோனில்.

*

வெள்ளிக்கிழமை மதியம் பள்ளிக்கூடத்துப் பராமரிப்பாளர் ஸ்தூரெ ஃபோன் பண்ணினார்.

"என்ன உல்ரிகா, என்மேல ஏதாவது கோவமா?"

"எதுக்கு?"

"ஒரு மாசமா ஆசிரியருங்க என் உயிரை வாங்குறாங்க. பிரிண்டர்ல மை இல்லன்னு உனக்கு மூணு தடவை எழுதிட்டேன். முதல்ல, டோனர் ஸ்லூட். ஒரு வாரம் கழிச்சு, டோனர் இன்னும் ஸ்லூட். கடைசியா வெறும் ஸ்லூட்னு கொட்டை எழுத்துல போட்டேன். படிக்கத் தெரியாதா உனக்கு?"

எனக்கு ஒன்றும் வரவில்லை என்று சொல்லத்தான் உல்ரிகா வாயெடுத்தாள். அந்த வாக்கியத்தை அந்த வாரம் அவள் வேறொருத்தி வாயிலிருந்து கேட்டிருந்தாள். திங்கட்கிழமை கொண்டுவருகிறேன் என்று சொல்லி ஃபோனை வைத்தாள்.

தன்னுடைய குப்பைப் பெட்டியை அவளே இரண்டு மாதமாகத் திறக்கவில்லை. திறந்தாள். மோசடிக் கடிதங்களுக்கு நடுவே ஒன்பது கடிதங்கள், எல்லாம் தெரிந்த பெயர்கள். பள்ளிக்கூடத்தில் டோனர் தீர்ந்தது. மூன்றாம் மாடியில் காகிதம் தீர்ந்தது. கூட்டம் முடிந்தது, சாவியை எங்கே வைக்க? அவள் மொழியில் எல்லாவற்றுக்கும் ஒரே சொல்தான். காபி தீர்ந்தாலும், விறகு தீர்ந்தாலும், படம் முடிந்தாலும், உடம்பில் தெம்பு போய்விட்டாலும்.

இழுப்பறையிலிருந்து செப்டம்பர் காகிதத்தை எடுத்தாள். கடைசி வரியைப் பார்த்தாள். பிறகு கணினியில் பட்டியலைத் திறந்து அந்த வரிக்கு வந்து, அதற்குக் கீழே இறங்கினாள். பட்டியல் அங்கே முடியவில்லை. இன்னும் எழுபது சொற்கள் இருந்தன. இரண்டாம் பக்கம் அன்று அச்சுப்பொறியின் தட்டிலேயே கிடந்திருக்கும், யாரோ எடுத்துப் போட்டிருப்பார்கள். 'ஸ்லூட்' பட்டியலின் முடிவைச் சொல்ல எழுதப்பட்டதல்ல. அதுவும் பட்டியலில் ஒரு சொல். அதே நாலு ரோமன் எழுத்தை ஆங்கிலத்தில் 'ஸ்லட்' என்று உச்சரிப்பார்கள். நடத்தை கெட்டவள் என்று ஒரு பெண்ணைத் திட்டும் வார்த்தை.

ஆங்கிலம் அவளுக்குத் தெரியாததல்ல. ஆறையும் வேகத்தையும் நல்லதையும் பிடித்தவளுக்கு இது ஏன் கண்ணில் படவில்லை? அது இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. ஒரு பக்கத்தின் அடியில் முடிந்தது என்று இருந்தால் யார்தான் அதைச் சந்தேகிப்பார்கள்? இந்தக் கேள்வியை அவள் மனதுக்குள் யாரிடமோ கேட்டுக்கொண்டிருந்தாள். எதிரில் யாரும் இல்லை.

தனக்கே ஒரு கடிதம் அனுப்பினாள், அந்த ஒரே சொல்லோடு. வரவுப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதுவும் வரவில்லை.

வெள்ளிக்கிழமைகளில் இரண்டு மணிக்குமேல் ஆள் இருக்காது. மூன்றுக்கெல்லாம் வெளியே இருட்டியிருந்தது. உல்ரிகா மேல்மாடியிலிருந்து தொடங்கினாள். ஒவ்வொரு கணினியிலும் ஒரு வரியை அழித்தாள். ஒரு மேசைக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. பொர்யெயிடம் முதலில் சொல்லிவிட்டுச் செய்திருக்க வேண்டும். அது அவளுக்குத் தெரியும். தவறைச் சரிசெய்வதுதான் அவசரம், இன்றைக்கும் யாராவது எழுதிக்கொண்டிருக்கலாம் என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். அது உண்மையும்கூட. அவள் செய்த எதிலும் அந்த அளவுக்கு உண்மை இருந்தது, அதனால்தான் நிறுத்த முடியவில்லை.

குனெலின் அறை கடைசி. குப்பைப் பெட்டியில் நவம்பர் பதினொன்றுக்குப் பிந்தியவைதான் இருந்தன. டெக்லாவின் மூன்றாவது கடிதம் பதினெட்டாம் தேதி அழிந்திருக்கிறது. டீசா வந்தது இருபத்தொன்றாம் தேதி. மூன்று நாள். வரியை அழித்தாள். இனி எந்தக் கணினியிலும் அந்தச் சொல் இல்லை. எழுந்தபோது திரையின் ஓரத்தில் மஞ்சள் தாள் கண்ணில் பட்டது. ஒரு மூலை பிரிந்து மடங்கியிருந்தது, எப்படியும் விழுந்துவிடும். உல்ரிகா அதை உரித்து இரண்டாக மடித்துக் கோட்டுப் பையில் வைத்தாள்.

வண்டியில் ஏறி உட்கார்ந்து சாவியைப் போட்ட பிறகுதான், என்ன செய்தாள் என்பது அவளுக்கு உறைத்தது. இறங்கிப் போய்த் திரும்ப ஒட்டிவிடலாம். பசை காய்ந்திருக்கும், நிற்காது என்று நினைத்தாள். வண்டியைக் கிளப்பினாள்.

சனிக்கிழமை பனி கொட்டியது. வாசலில் தள்ளினாள், தள்ளிய இடம் மறுபடி நிறைந்தது, மறுபடி தள்ளினாள். வேலை போகும் என்ற பயமா? அதை நேராகப் பார்த்தாள். அது அவ்வளவு பெரிதாக இல்லை. சிறைக்குப் போகப் போவதில்லை, தெருவில் நிற்கப் போவதில்லை. அதற்கும் அடியில் வேறொன்று இருந்தது. அதைத் தொட்டதும் கை சுட்டது போலப் பின்வாங்கினாள். காபி அறை. முடிந்தது என்று போட்டிருந்ததாம், மூடி வைத்துவிட்டாளாம். அதைச் சொல்லி அவர்கள் சிரிப்பார்கள். செத்தவளுக்காக முதலில் தலையைக் குனிந்துகொள்வார்கள், ஒரு மாதம் கழித்துச் சிரிப்பார்கள். யாராவது ரொட்டித் தட்டைக் காலி செய்துவிட்டு அந்தச் சொல்லைச் சொல்லிக் கண்ணடிப்பார்கள். ஒருத்தி பனியில் முகம் குப்புறக் கிடந்ததைவிடத் தன்னைப் பார்த்துச் சிரிப்பதுதான் தனக்குப் பெரிதாக இருக்கிறது என்று தெரிந்தபோது, உல்ரிகா பனிவாரியைச் சுவரில் சாய்த்துவிட்டுப் படியில் உட்கார்ந்தாள். தான் இப்படிப்பட்டவள் என்று இத்தனை வருஷம் தெரியாமலே இருந்திருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை, திங்கட்கிழமை காலையில் முதல் வேலையாகப் பொர்யெயிடம் சொல்வது என்று முடிவு செய்தாள். நிம்மதியாகத் தூங்கினாள்.

*

திங்கட்கிழமை காலையில் காபி அறையில் குனெல் மட்டும் இருந்தாள். இந்த ஒரு வாரத்தில் அவள் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. ஆனால் முகத்தில் என்றைக்கும் இல்லாத ஒரு அமைதி. உல்ரிகாவைக் கண்டதும் பக்கத்து நாற்காலியை இழுத்துப்போட்டாள்.

"உன்கிட்டதான் முதல்ல சொல்றேன். எனக்கு ஞாபகம் வந்துடுச்சு" என்றாள்.

"என்ன ஞாபகம்?"

"டெக்லாவோட மெயில். படிச்சிருக்கேன். முதல் மெயிலை. ஒரு செவ்வாய்க்கிழமை. அக்டோபர் பதினொண்ணு செவ்வாய்தான், காலண்டர்ல பார்த்தேன். கையில ஏலக்காய் ரொட்டி இருந்துச்சு, கீபோர்டுல சர்க்கரை கொட்டிச்சு. அதைத் துடைக்கிறப்ப ஃபோன் வந்துச்சு. அப்புறம் திரும்பிப் பார்க்கவே இல்ல. எழுத்தெல்லாம் கண் முன்னால அப்படியே தெரியுது, உல்ரிகா. தெம்பு தீர்ந்ததுன்னு."

உல்ரிகா காபிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். இப்போது சொல்ல வேண்டும். வாக்கியம் தயாராக இருந்தது, ஞாயிறு முழுக்கச் செதுக்கிய வாக்கியம். ஆனால் அது பொர்யெயிடம் சொல்வதற்கான வாக்கியம். இந்த முகத்திடம் சொல்வதற்கு அவளிடம் வேறு ஒன்று இல்லை.

"ராத்திரியெல்லாம் வரல வரலன்னு நெனச்சு நெனச்சுப் பைத்தியம் பிடிக்கிற மாதிரி இருந்துச்சு. இப்ப தெரிஞ்சுபோச்சு. நான்தான். ஆகஸ்டுலயும் நான்தான், இப்பவும் நான்தான். பொர்யெ எழுதிக் கொடுன்னாரு, காலையிலயே கையெழுத்துப் போட்டுட்டேன்." குனெல் ரொட்டியைப் பிய்த்துத் தட்டிலேயே வைத்தாள். "நேத்து ஹில்டிங்கைப் போய்ப் பார்த்தேன். இல்லத்துல நாலாம் நம்பர் ரூம் கொடுத்திருக்கோம். இப்ப மட்டும் எப்படியோ கெடைச்சுது பாரு, ரூம். கதவைத் திறந்து வெச்சிரு, அவ ரெண்டு கையிலயும் விறகு இருக்கும்னாரு."

அவள் உல்ரிகாவின் கையைத் தொட்டாள். பதிவை எடுத்துக் கொடுத்ததற்காக உல்ரிகா மேல் தனக்கு வருத்தம் இல்லை, அவள் வேலையை அவள் செய்தாள், அதைச் சொல்லத்தான் காத்திருந்தேன் என்றாள்.

உல்ரிகா எழுந்தாள். கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு ஸ்தூரெக்கு டோனர் கொண்டுபோனாள்.

*

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குப் பொர்யெயின் அறையில் மூவரும் உட்கார்ந்தார்கள். மேசை நடுவே ஸ்பீக்கர் ஃபோன். மறுமுனையில் மேற்பார்வை அலுவலகத்துப் பெண் அதிகாரி, தெற்கத்திப் பேச்சு, ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பிறகும் தட்டச்சுச் சத்தம். குனெல் எழுதிக் கொடுத்ததை அவள் படித்தாள். ரொட்டி, சர்க்கரை எல்லாம் அதில் இருந்தது. படிக்கப் படிக்கக் குனெல் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள், ஒப்பித்த பாடம் சரியாக வருகிறதா என்று பார்க்கும் பிள்ளையைப் போல.

தொழில்நுட்பப் பக்கத்தை மட்டும் உறுதி செய்துகொண்டு முடித்துவிடலாம் என்றாள் அதிகாரி. "மூணு மெயிலும் குனெலோட பெட்டிக்கு வந்து சேர்ந்துச்சு. அது சரிதானே?"

உல்ரிகா மூச்சை உள்ளே இழுத்தாள்.

"எனக்குக் கேக்கல. ஆமாவா, இல்லையா?"

பொர்யெ ஃபோனை உல்ரிகா பக்கம் நகர்த்தினார். அவள் அந்தக் கறுப்புப் பெட்டியைப் பார்த்தாள். மூச்சை வெளியே விட்டுத்தான் ஆமாம் என்று சொல்லியாக வேண்டும். வெளியே வந்தது வேறு.

"வந்து சேர்ந்துச்சு. ஆனா அவ கண்ணுல படல. படாதபடி பண்ணினது நான்."

தட்டச்சு நின்றது. உல்ரிகா வடிகட்டியைப் பற்றிச் சொன்னாள். ஆங்கிலப் பட்டியல், முதல் பக்கம், அடித்த மூன்று சொற்கள். அடிக்காமல் விட்டது ஒன்று என்றாள். டெக்லாவின் மூன்று கடிதத்திலும் அது இருக்கிறது.

"எந்தச் சொல்?"

"ஸ்லூட்."

"முடிஞ்சுதா? சரி, அப்ப நான் இதுவரைக்கும் எழுதினதைப் படிக்கிறேன்…"

"இல்ல. அதுதான் சொல்" என்றாள் உல்ரிகா. "நானும் உங்களை மாதிரிதான் நெனச்சேன். முடிஞ்சுதுன்னு." ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். நாலு எழுத்து. மறுமுனையில் நாலு முறை விசை விழுந்த சத்தம் கேட்டது. பிறகு கோட்டுப் பையிலிருந்து மஞ்சள் தாளை எடுத்து விரித்து மேசைமேல் வைத்தாள். குப்பைப் பெட்டியைத் திறக்காதே என்று குனெலிடம் தான்தான் சொன்னேன் என்றாள். அந்தத் தாளைத் திரையிலிருந்து எடுத்ததும் தான்தான்.

பொர்யெ தாளைப் படித்தார். குனெல் அதைத் தொடவில்லை. அவள் முகத்தில் இரண்டு நாளாக இருந்த அமைதி கலைந்துகொண்டிருந்தது. அதன் கீழே நிம்மதி இருக்கும் என்று உல்ரிகா எதிர்பார்த்தாள், அது அங்கே இல்லை.

"ஆனா எனக்கு ஞாபகம் இருக்கே. சர்க்கரை கொட்டிச்சே" என்றாள் குனெல் மெதுவாக.

"சர்க்கரை கொட்டியிருக்கும். மெயில் வரல."

"இதை நீங்க எப்ப கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டது ஃபோன்.

"வெள்ளிக்கிழமை."

விசைச் சத்தம் மறுபடி தொடங்கி, பாதியில் நின்றது. வெளியே பனி வாரும் வண்டி ஒன்று மெல்லக் கடந்து போனது. குனெல் தாளிலிருந்து கண்ணை எடுத்து, அன்று முதல் தடவையாக உல்ரிகாவை நேராகப் பார்த்தாள்.

"நேத்து அங்க உக்காந்து, நான் உன் கையைப் பிடிச்சுச் சொல்லிக்கிட்டிருந்தேனே. அப்பவே உனக்குத் தெரியுமா?"

உல்ரிகா மூச்சை உள்ளே இழுத்தாள்.

அறையில் இருந்த இருவருக்கும் அது கேட்டது. ஃபோனுக்குக் கேட்கவில்லை. "ஹலோ? பதில் ஒண்ணும் வரலையே" என்றது அது. "யாராவது இருக்கீங்களா?"